முன்பல் இரண்டு

அகத்துக்காரருக்கு நமஸ்காரம்.

நேரில் பேசினால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறீர்கள். அதனால் ஸ்ரீரங்கத்திலிருந்து தென்னூர் ஆஸ்பத்திரிக்குக் காபி பிளாஸ்க்கோடு இதையும் அனுப்புகிறேன்.

இருதய வால்வை மாற்ற நாள் குறித்திருந்தார்கள். "பல்லெல்லாம் நன்னா இருக்கு" என்று டாக்டரிடம் சொன்னீர்கள். அவர் வாயைத் திறக்கச் சொன்னார். கிராம்பு வாசனைக்குப் பின்னால் சீழ் இருந்தது. ஈறிலுள்ள கிருமி ரத்தத்தோடு போய்ப் புது வால்விலும் உட்கார்ந்துகொள்ளுமாம். முன்பல் இரண்டையும் எடுத்து, ஈறு ஆறிய பிறகுதான் ஆபரேஷன். பல்லும் இருதயமும் சம்பந்திகள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. உங்களுக்கு டாக்டரே சொல்லிவிட்டார்.

அதற்கு உங்கள் பதில்: "பல் போனா கோயில் கோஷ்டியில எல்லாரோடயும் சேர்ந்து பாசுரம் எப்படிச் சேவிக்கிறது? வார்த்தையெல்லாம் காத்தாப் போயிடும்."

இருதயம் நின்றால் பாசுரம் என்னவாகும் என்று டாக்டர் கேட்கவில்லை. நாகரிகமானவர்.

கோஷ்டியில் உங்கள் பக்கத்தில் உட்காரும் திருவேங்கடத்தான் மாமாவிடம் முறையிட்டேன். சிரித்தார்.

"எனக்கு ஒரு பல்லும் கிடையாதும்மா, எல்லாம் கட்டின பல். பத்து வருஷமாப் பக்கத்துல இருக்காரே, உன் ஆத்துக்காரர் கண்டுபிடிச்சாரா?"

உங்கள் காதுக்கு உங்கள் குரல் மட்டுமே எட்டுகிறது போலிருக்கிறது.

நாளைக் காலை பல் டாக்டர் வருவார். மறுக்காமல் வாயைத் திறந்து காட்டுங்கள். கட்டின பல் வரும்வரை உதவுமே என்று, நேற்றிலிருந்து சாதத்தைக் குழைய வடித்துப் பழகுகிறேன். நானேதான் சாப்பிடுகிறேன்.

தனியாகச் சாப்பிட அது நன்றாகவே இல்லை.

இப்படிக்கு,
உங்கள் ஆத்துக்காரி