கால் எட்டுகிற வண்டி

என்னங்க,

இன்றைக்குக் காலையில் மழைக்கோட்டை எடுக்க ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கினேன். குப்பென்று தைல வாசம். உள்ளே கையை விட்டுத் துழாவினால், வண்டி துடைக்கிற துணிக்கு அடியில் உங்கள் முழங்கால் தைலப் போத்தல். மூடி வழக்கம்போல அரைகுறை. முறுக்கி மூடுங்கள், முறுக்கி மூடுங்கள் என்று எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டிருப்பேன்! நீங்கள் எங்களை விட்டுப் போய், வருகிற தையோடு ஒரு வருஷம் ஆகப்போகிறது, அது இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. கேட்டடியில் தனியாக நின்று சிரித்த என்னைப் பக்கத்து வீட்டுச் சிங்கள நோனா எட்டிப் பார்த்துவிட்டு, தானும் சிரித்துக்கொண்டு உள்ளே போனார்.

இன்று போயா, பௌர்ணமி லீவு. புசல்லாவைக்குப் போய் நீங்கள் பிறந்த தேயிலைத் தோட்டத்து அம்மனைக் கும்பிட்டுவிட்டு இப்போதுதான் வந்தேன். கால்களைக் கதிரையில் நீட்டி, உங்கள் தைலத்தையே என் முழங்காலில் தேய்த்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நேற்று மகன் கொழும்பிலிருந்து போன் எடுத்தான். "போதும்மா, ஸ்கூட்டரை வித்துட்டு பஸ்ல போங்க. வயசாகுதுல்ல?" என்றான். அன்றைக்கு உங்களிடம் சொன்ன அதே வார்த்தை. நானும் நீங்கள் சொன்ன அதே பதிலைச் சொல்லி போனை வைத்துவிட்டேன். அது என்ன பதில் என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் முதலிலிருந்து சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

அந்தப் பழைய மோட்டார் சைக்கிள் உங்களோடு சேர்ந்தே கிழடானது. உதைத்துக் கிளப்ப வலது முழங்கால் வேண்டும், கியர் மாற்ற இடது முழங்கால் வேண்டும். உங்களுக்கோ இரண்டுமே வேலைநிறுத்தம். ஏறும்போது கால் பாதி வழியில் சீட்டிலேயே மாட்டிக்கொள்ளும். நீங்கள் வேலை பார்த்த தபால் கந்தோர் வாசலில் யாராவது பார்த்துவிட்டால், சீட்டில் தூசி தட்டுவதுபோல ஒரு நடிப்பு நடிப்பீர்களே, அதற்கு விருதே கொடுக்கலாம். எனக்கு முதுகு. சேலையில் ஒருபக்கமாக உட்கார்ந்து, கட்டையாகிப்போன அந்த சீட்டில் ஒவ்வொரு போயாவுக்கும் கம்பளை தாண்டிப் புசல்லாவை வளைவுகளில் ஏறினால், வழித் தேநீர்க் கடையில் இறங்கி நிமிர்வதற்கு ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம் பிடிக்கும்.

அப்படியும் நான் ஏன் அதை விடச் சொல்லவில்லை? காரணத்தை உங்களிடம் அப்போது சொல்லவே இல்லை. வீட்டில் உங்கள் வாயிலிருந்து ஒரு சொல்லை வாங்குவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும். பேப்பர், ரேடியோ, சாப்பாடு, தூக்கம். ஆனால் வண்டி பேராதனைப் பாலத்தைத் தாண்டிவிட்டால் போதும், அணை திறந்த மாதிரிதான். கந்தோரில் யாருக்கு யாரோடு ஆகாது, உங்கள் அப்பா எந்த மலையில் தேயிலைக் கவ்வாத்து வெட்டினார், மகனுக்கு எந்த இடத்தில் பெண் பார்க்கலாம் என்று முன்னால் பார்த்தபடியே கத்திக்கொண்டு வருவீர்கள். பாதியைக் காற்று கொண்டுபோகும். மீதிப் பாதியை நான் உங்கள் முதுகில் சாய்ந்து பொறுக்கிக்கொள்வேன். நம் வீட்டில் பேச்சு நடக்கிற ஒரே அறை அந்த சீட்டுதான். அது போனால் நான் ஒரு பேசாத மனுஷனோடு மிச்சக் காலத்தைத் தள்ளவேண்டும். அந்தப் பயம் எனக்கு நிஜமாகவே இருந்தது.

மகன் சொன்னானே என்று ஒரு போயாவுக்கு குட்செட் பஸ் ஸ்டான்டில் பஸ் ஏறினோம், ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் ஜன்னலோரம் பிடித்தீர்கள். பேராதனை வருவதற்குள் வாயைத் திறந்தீர்கள், பேசுவதற்கு இல்லை, குறட்டை விடுவதற்கு. புசல்லாவையில் இறங்கும்போது நான்தான் தட்டி எழுப்பினேன். திரும்பி வரும்போதும் அதே கச்சேரி. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன், "பஸ்ஸும் வேணாம் கிஸ்ஸும் வேணாம். நம்ம உடம்புக்குத் தோதா ஒரு வண்டி வாங்குங்க." நீங்கள் என்னவோ நான் உங்கள் வண்டி ஆசைக்கு விட்டுக்கொடுத்ததாக நினைத்து, ஒரு வாரம் என்னைத் தாங்கு தாங்கென்று தாங்கினீர்கள்.

பிறகு சனிக்கிழமைதோறும் கடை கடையாக ஏறினோம். பெண் பார்க்கப் போகிறவர்போல உங்களுக்கு இஸ்திரி போட்ட சேர்ட். கட்டுகஸ்தோட்டை ரோட்டுக் கடைக்காரர், நானா என்று எல்லோரும் கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன், பாவம், எஞ்சின் பலத்தையும் பெட்ரோல் கணக்கையும் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு வந்தார். நான் நடுவில் புகுந்து, "நானா, பின்னுக்கு நான் ஒருக்கா ஏறி உக்காந்து பாக்கலாமா?" என்று கேட்டதும் மனுஷன் பெட்ரோல் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "இவ்வளவு காலமா யாவாரம் பண்றேன், பின் சீட்டுக்காரங்க ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்ல டீச்சர்," என்றார். கேட்காததால்தான் ஊரில் பாதிப் பெண்களுக்கு முதுகு வலி என்றேன். அவர் டீ எடுக்க ஆள் அனுப்பினார். நாம் இருவரும் ஓடாத வண்டியில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து டீ குடித்தோம்.

வண்டிகளும்தான் எத்தனை ரகம்! ஒன்றில் நீங்கள் குனிந்து கிடந்தது, கீழே விழுந்த மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறவர்போல இருந்தது. ஒன்றின் பின் சீட்டு என் கைப்பை வைக்கத்தான் காணும். இன்னொன்றில் ஏற எனக்கு ஏணி வேண்டும். ஸ்கூட்டர் பக்கம் மட்டும் நீங்கள் தலையைத் திருப்பவே இல்லை. "அதெல்லாம் பொம்பளைங்க வண்டி. ஸ்கூல் டீச்சர்மார் ஓட்டுறது," என்றீர்கள். பக்கத்தில் நிற்கிறவளே ஒரு ஸ்கூல் டீச்சர்தான் என்பது உங்களுக்கு நினைவிருந்த மாதிரித் தெரியவில்லை.

கடைசியில் ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள் மனதுக்குப் பிடித்தது. பட்டனை அமுக்கினால் கிளம்பியது. சீட்டு மெத்தென்று இருந்தது. கடையின் டைல்ஸ் தரையில் உங்கள் இரண்டு பாதமும் பதிந்து நின்றன. "அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு டீச்சர்!" என்று உங்கள் முகம் மலர்ந்ததைப் பார்த்து நானும் தலையாட்டிவிட்டேன். பிள்ளையார் கோயிலில் மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஊர்வலம்போல ஹந்தானை மேட்டில் ஏறி வந்தோம்.

நம் கேட்டுக்கு முன்னால் பாதை செங்குத்தாக ஏறுவது போதாதென்று இடது பக்கம் சரிந்தும் இருக்கும். நான் இறங்கிக் கேட்டைத் திறக்க வேண்டும், அதற்காக நீங்கள் வண்டியை நிறுத்தி இடது காலை ஊன்றினீர்கள். ஊன்றுவதற்குத் தரை அங்கே இல்லை. ஒரு சாண் கீழே இருந்தது. யானை படுப்பதுபோல வண்டி அவசரமே இல்லாமல் சாய்ந்தது. மாலையும் பொட்டுமாக வண்டி வேலியில், நாம் இருவரும் செம்பருத்திக்குள். ஒரு கீறல்கூட இல்லை. பிறகு இலைகளுக்குள்ளிருந்து உங்கள் குரல் வந்தது.

"மலையில பொறந்து மலையிலயே வளந்தவன், டைல்ஸ் தரையில அளவு பாத்து வாங்கியிருக்கேன் பாருடி!"

சிரிக்க ஆரம்பித்தவள்தான், எழுந்திருக்க முடியவில்லை. நீங்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தீர்கள். "ஐயோ டீச்சர், விழுந்ததா?" என்று நோனா ஓடி வந்து, நம் இரண்டு பேருக்கும் என்னவோ ஆகிவிட்டது என்றே பயந்துபோனார்.

மறுநாளே வண்டியைத் திருப்பிக் கொண்டுபோனோம். நடந்ததைச் சொன்னதும் நானா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நல்ல மனுஷன். "அப்ப இனி சாமானை மேட்டுல வெச்சுப் பாப்பம், வாங்க," என்று கடைக்குப் பக்கத்து ஏற்றத்தில் ஒவ்வொரு வண்டியாக நிறுத்தினார். வீதியில் போனவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒன்றிலும் உங்கள் கால் எட்டவில்லை. எட்டிய ஒன்றோ கனம் தாங்காமல் பின்னால் வழுக்கியது. நீங்கள் வாடிப்போய் நடைபாதைக் கல்லில் உட்கார்ந்தீர்கள். "அப்ப பஸ்தானா?" என்று கேட்டீர்கள். நானே போய் ஒரு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து உங்கள் முன்னால் நிறுத்தினேன். "முழங்காலுக்கு ஆம்பள பொம்பளன்னு தெரியுமா? ஏறுங்க," என்றேன்.

ஏறினீர்கள். காலைத் தூக்கிப் போடவே தேவையில்லை, நடுவால் நுழைந்து உட்கார்ந்துவிடலாம். கியர் இல்லை, மிதிக்க பிரேக் இல்லை, எல்லாம் கையிலேயே. அந்தச் சரிவிலும் இரண்டு பாதமும் நிலத்தில் ஒட்டி நின்றன. கொஞ்ச நேரம் முன்னே பின்னே ஆட்டிப் பார்த்தீர்கள். பிறகு நானாவிடம் மெதுவாக, "கறுப்பு இருக்கா?" என்று கேட்டீர்கள். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு உங்களைக் கட்டிப்பிடிக்கத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு நீங்கள் செய்ததுதான் பெரிய வேலை. குஷன் அடிக்கிறவரிடம் கொண்டுபோய், என்னை உட்கார வைத்து எழுப்பி, உட்கார வைத்து எழுப்பி, பின் சீட்டை என் இடுப்புக்குத் தக்கபடி உயர்த்தினீர்கள். நான் சேலையை விட்டு சல்வாருக்கு மாறி, முதன்முதலாக இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தேன். அன்று முதல் யார் வண்டி வாங்கப் போனாலும் கூப்பிட்டு வைத்துச் சொல்வீர்கள்: "கால் எட்டணும், முதுகு கேக்கணும். மிச்சமெல்லாம் பெயின்ட்டுதான்." பிறகு மகன் இந்த ஸ்கூட்டரையும் விற்கச் சொன்னபோது நீங்கள் சொன்ன பதிலும் அதே தினுசுதான். "கால் தரையில எட்டுற வரைக்கும் ஓட்டுவோம்டா."

உங்கள் வலது தோள் இறுகிப்போய், கையால் ஆக்சிலேட்டரைத் திருக முடியாமல் போனபோது, சரி, இதோடு பேச்சு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நீங்கள் சாவியை என் கையில் வைத்தீர்கள். "நீ ஓட்டு. நான் பின்னால இருந்து பேசுறேன்." பென்ஷன் எடுத்த வயதில் எனக்கு எல் போர்டு! லைசென்ஸ் ட்ரையல் அன்று நான் வளைந்து வளைந்து முடித்துக் காலை ஊன்றியதும், வேலிக்கு வெளியே நின்று கைதட்டியது நீங்கள் ஒருவர்தான். தோள் வலியோடு.

உங்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நான் ஓட்டிப்போன முதல் போயாவைத்தான் நான் மறக்கவே மாட்டேன். கம்பளை தாண்டி ஏறும்போது உங்கள் சத்தமே இல்லை. தூங்கிவிட்டீர்களோ என்று பயந்தேன். பிறகு காதோரமாக, கத்தாமல், அவ்வளவு தெளிவாகக் கேட்டீர்கள்: "ஏன் டீச்சர், இவ்வளவு நாளா நீ இதையெல்லாம் பாத்துக்கிட்டா வந்தே?" நீங்கள் பிறந்து வளர்ந்த ஊர்ப் பாதை. ஆனால் ஓட்டுகிறவருக்கு ரோட்டைத் தவிர வேறெதுவும் தெரியாதே. கீழே தெரிந்த ஆறு, கொழுந்து பறிக்கிற பெண்களின் வரிசை, பனிக்குள் பாதி மறைந்த தேயிலைத் தொழிற்சாலை என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தீர்கள். எனக்கோ, கல்யாணமான நாளிலிருந்து காற்று கொண்டுபோன அந்தப் பாதிப் பேச்சு வட்டியோடு திரும்பி வந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் தோளில் தட்டி, "ஹாரன், ஹாரன்" என்பதுதான் தொல்லை. நான் பின்னால் இருந்த காலத்தில் ஒரு தடவை ஹாரன் அடிக்கச் சொன்னால், "காது வலிக்குது டீச்சர்" என்று கிண்டல் பண்ணிய அதே மனுஷன்!

பின் சீட்டின் உயரத்தைக் குறைத்துவிடலாம், தனியாகத்தானே போகிறீர்கள் என்று குஷன்காரர் போன மாதம் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். இன்று காலை கேட்டை மூடிவிட்டு, அதே சரிவில் வண்டியை நிறுத்தி இடது காலை ஊன்றிப் பார்த்தேன். எட்டுகிறது. முதுகைக் கேட்டேன். சரி என்றது.

வீட்டில் நீங்கள் உட்கார்ந்திருந்த கதிரை பேசுவதில்லை. அது நீங்கள் இருந்த காலத்திலும் அப்படித்தான், ஆகவே எனக்கு அதில் பெரிய குறையில்லை. ஆனால் பேராதனைப் பாலம் தாண்டியதும் நான் ஆரம்பித்துவிடுகிறேன். இன்றைக்குப் பேத்தி நடக்கத் தொடங்கிய கதையைச் சொன்னேன், தைலப் போத்தலுக்காக ஒரு பாட்டம் திட்டினேன். கோயில் வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றும்போது உங்கள் தங்கை எதிரே நின்றாள். மேல் வளைவில் நான் வரும்போதே பார்த்திருக்கிறாள்.

"யாரோட அண்ணி பேசிக்கிட்டே வந்தீங்க?"

"ஒங்க அண்ணனோடதான்."

அவள் கண் கலங்கியது. ஆனாலும் உங்கள் இரத்தமில்லையா, விடாமல் கேட்டாள். "அண்ணன் என்னா சொல்லிச்சு?"

"ஹாரன் அடிக்கச் சொன்னாரு," என்றேன்.

எல்லா வளைவிலும் அடித்தேன்.