டேங்குக்குள் போன ஹோஸ்

மே 20, செவ்வாய்

காலையில் கடை ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. ஆயில் விற்கிறவன் ஷட்டருக்கு ஆயில் இல்லை. எதிரே இதே போல வண்டி உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிற ஊமைச்சிரிப்புக்காரன் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சிரிக்கவில்லை. சிரிக்காமலே சிரிக்கிற வித்தை அவனுக்கு மட்டும்தான் வரும்.

மதியம் மச்சினன் வந்தான், வீட்டுக்காரியின் தம்பி, ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவன். “மாமா, ஒரு பார்ட்டி பழைய காருக்கு டர்போ போட்டு எஞ்சினையே மாத்திக் கட்டுறாங்க. பெட்ரோல் லைன் மொத்தமும் ரிட்டர்ன் சிஸ்டமா வேணுமாம்.”

கம்பெனி கட்டிய வண்டியில் பெட்ரோல் ஒருவழிப் பாதை. டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும், அதோடு சரி. காற்றை அழுத்தித் திணிக்கிற இந்த டர்போவை மாட்டினால் எஞ்சினுக்குத் திடீர் திடீரென்று பசி வரும். அதனால் பெரிய பம்ப் வைத்து, தேவைக்கு மேலேயே பெட்ரோலைத் தள்ளி, எஞ்சின் பக்கத்தில் ஒரு ரெகுலேட்டரை உட்காரவைத்து, மிச்சத்தை இன்னொரு பைப் வழியாக டேங்குக்கே திருப்பி அனுப்ப வேண்டும். வேலை அதிகம். எனக்கு வியாபாரமும் அதிகம். பம்ப், ஃபில்டர், ரெகுலேட்டர், கம்பி பின்னிய ஹோஸ், பைப் மூட்டுகள் என்று கவுண்டர் நிறைந்தது.

கடைசியாகக் கேட்டான்: “டேங்குக்கு உள்ளயே பம்ப்புல மாட்டுற ஹோஸ் ஒரு சாண். முழுகியே கிடக்கும் மாமா. அதுக்குன்னு உள்ளதா குடுங்க.”

அதுக்கென்று உள்ளது கடையில் தீர்ந்துபோயிருந்தது. சாதாரண பெட்ரோல் ஹோஸுக்கு உள்பக்கம்தான் பெட்ரோலைத் தாங்கும், வெளித்தோல் தாங்காது. முழுகிக் கிடந்தால் ஊறும், உப்பும், ஒருநாள் பிளக்கும். எனக்குத் தெரியும். “பெட்ரோல் ஹோஸ் பெட்ரோல்ல கிடந்தா கரைஞ்சா போயிடும்? எல்லாரும் இதைத்தான் போடறாங்க” என்று சாதாரண உருளையிலிருந்து ஒரு சாண் வெட்டிக் கொடுத்தேன். இல்லை என்றால் நேராக எதிர்ப்பக்கம் போவான். வந்த வாடிக்கையை எதிர்ப்பக்கம் அனுப்புகிற வழக்கம் இந்தக் கடைக்குக் கிடையாது.

மே 21, புதன்

ஈ ஓட்டும் வியாபாரம். மழையில் ஈயும் வரவில்லை.

மே 25, ஞாயிறு

வீட்டுக்காரி தையல் வகுப்புக்குப் போகிறாள், போகிறாள், போய்க்கொண்டே இருக்கிறாள். இதுவரை ஒரு தலையணை உறை கூட வீடு வந்து சேரவில்லை. கேட்டேன். “அடிப்படை கத்துக்கிறோம்” என்றாள். நகக்கண் கறுப்பாக இருந்தது. தையல் மெஷினுக்கும் எண்ணெய் விடத்தானே வேண்டும்.

செருப்பு வார் அறுந்ததற்கு என் கடை ஹோஸ் கிளிப்பைப் போட்டு முறுக்கி வைத்திருக்கிறாள். புதிது வாங்கச் சொன்னேன். “செருப்பே தேஞ்சாலும் இந்தக் கிளிப் இருக்கும். உங்க கடையில உருப்படியா இருக்கிற சரக்கு இதுதான்” என்றாள். சிரித்தேன். இவள் வாய் இருக்கிறதே!

மே 29, வியாழன்

மச்சினன் மறுபடி வந்தான். வெளி லைனுக்கு வாங்கிப் போன மூட்டுகளில் இரண்டு அளவு சரியில்லையாம். பார்ட்டி அளந்து பார்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்களாம். “அப்புறம் அந்த டேங்க் ஹோஸ், முழுகிக் கிடக்குறதுக்கு உள்ளதுதானான்னு பார்ட்டி கேக்கச் சொன்னாங்க மாமா.” சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, மேலே ஃபேனைப் பார்த்தான்.

“உன் பார்ட்டிகிட்ட சொல்லு, நான் இந்தத் தொழில்ல தலை நரைச்சவன்னு.”

“சொல்லிடறேன்” என்றான். போகும்போது தோள் குலுங்கியது. இருமல் என்று நினைத்தேன்.

சரியான மூட்டுகள் வந்ததும் நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். காசையும் நேரத்தையும் இப்படிக் கொட்டுகிற மகராசன் யார் என்று ஒருதரம் பார்த்துவிட்டால் காலத்துக்கும் வாடிக்கை.

ஜூன் 5, வியாழன்



மூட்டுகளை எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். உள்ளே ஜாக்கியில் தூக்கி நிறுத்திய கார். கதவில் ஒரு சொட்டை. அந்தச் சொட்டையை எனக்குத் தெரியும், வீட்டுக் கேட்டில் இடித்து வைத்தவனே நான்தான். நம்ம கார்! காயலான் கடையில் போடச் சொல்லி மச்சினனிடம் நான் தள்ளிவிட்ட பழைய கார்.

காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு செருப்பு வாரில் ஹோஸ் கிளிப்.

“அந்தப் பதினாலு ஸ்பேனரைக் குடுடா” என்றது குரல். குனிந்து கொடுத்தேன். வேறென்ன செய்ய?

“கை ஏன்டா இப்படி நடுங்குது? காலையில சாப்பிடலையா?”

பதில் வரவில்லை என்றதும் சறுக்குப் பலகையோடு வெளியே வந்தாள். நீல மெக்கானிக் உடுப்பு, தலையில் துணி, கன்னத்தில் கிரீஸ். என் வீட்டுக்காரி.

“நீங்களா? சரி, வந்ததுதான் வந்தீங்க, அந்த டார்ச்சைப் பிடிங்க.”

“இது... இதுவா தையல் கிளாஸ்?”

“ஆமா. நல்லா வந்திருக்கா பாருங்க.” காரின் வயிற்றோடு ஒட்டி ஓடிய இரண்டு லைன்களையும் காட்டினாள், போகிறது ஒன்று, திரும்புகிறது ஒன்று. சாணுக்கு ஒரு கிளாம்ப், எங்கேயும் உரசல் இல்லை, புகைக்குழாய்ப் பக்கம் போகவே இல்லை. நல்லாத்தான் வந்திருந்தது. அதுதான் இன்னும் பெரிய அதிர்ச்சி.

மச்சினன் கம்ப்ரஸருக்குப் பின்னால் நின்று கம்ப்ரஸராகவே ஆகப் பார்த்தான்.

ஏன் இந்த வேலை என்று கேட்டேன். கத்தினேன் என்றே எழுதலாம். அவள் கத்தவில்லை. “கடை பெட்டிக்கடையா இருந்தப்ப கேட்லாக் படிச்சு எந்த வண்டிக்கு எந்த பார்ட்னு சொன்னது யாரு? நான். கடை பெருசானதும் ‘நீ வீட்ல இரு, மரியாதையா இருக்கும்’னீங்க. இருந்தேன். படிச்சது மறக்கலியே, என்ன பண்ண?”

அப்புறம் இன்னொரு இடி. பதினைந்தாம் தேதி ஞாயிறு, விமானம் இறங்காத பழைய ஓடுதளத்தில் இந்த மாதிரி கட்டிய வண்டிகளை ஒவ்வொன்றாக முழு வேகத்தில் விடுகிறார்களாம். இவள் பெயர் கொடுத்திருக்கிறாள். ஓட்டப்போவது யார்?

“நான்தான். பின்ன நீங்களா? கேட்டைப் பார்த்தாலே இடிக்கிற ஆளு.”

ஜூன் 6, வெள்ளி

பல் தேய்க்கும்போது உறைத்தது. அந்த ஹோஸ்.

ஐயோ. அந்த ஹோஸ் அவ டேங்குக்குள்ள இருக்கு.

ஜூன் 7, சனி

கடையில் உட்கார்ந்து அதையே ஓட்டிப் பார்க்கிறேன். முழு வேகத்தில் போகும்போது ஹோஸ் பிளந்தால், பம்ப் தள்ளுகிற பெட்ரோல் டேங்குக்குள்ளேயே கொட்டும். எஞ்சினுக்குப் பெட்ரோல் குறையும், டர்போ மட்டும் காற்றைத் திணித்துக்கொண்டே இருக்கும். எஞ்சின் சூடேறி, பிஸ்டன் உருகி, அந்த வேகத்திலேயே இறுகி நிற்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளும். உள்ளே இவள்.

சாப்பிடும்போது சொல்ல வாயெடுத்தேன்.

“என்ன முழிக்கிறீங்க?”

“ஒண்ணுமில்ல. உப்பு கம்மி.”

“உப்பு போடவே இல்ல. இப்பத்தான் தெரியுதா?”

ஏன் வரவில்லை வார்த்தை? லாரி டிரைவர்களோடு மல்லுக்கட்டிய வாய் இது. சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று தெரியும். “வேற யாருக்கெல்லாம் குடுத்தீங்க?” அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. அதுதான் தொல்லை.

ஜூன் 9, திங்கள்

வழி கிடைத்துவிட்டது. அவளிடம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. சரியான ஹோஸ் ஒரு சாண் வாங்கி, மச்சினனைக் கையோடு வைத்துக்கொண்டு, அவள் இல்லாத நேரம் டேங்கைத் திறந்து மாற்றிவிடுவது. காதும் காதும் வைத்த மாதிரி முடியும். எனக்குச் சரக்கு அனுப்புகிறவரிடம் கேட்டேன். பதினைந்துக்கு அப்புறம்தான் வருமாம்.

பக்கத்தில் அதை வைத்திருப்பவன் ஒரே ஒருவன்.

ஜூன் 10, செவ்வாய்

தெருவைக் கடக்க எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. இன்று கடந்தேன். ஊமைச்சிரிப்புக்காரன் எழுந்தே நின்றுவிட்டான், நாற்காலியைத் துடைத்தான். எனக்குக் கூசியது.

“முழுகிக் கிடக்கிற ஹோஸ் ஒரு சாண் வேணும். டேங்குக்குள்ள போடறது” என்றேன், அடுத்தவருக்கு வாங்குகிற தோரணையில்.

“இன்னொண்ணா அண்ணே? அண்ணி அன்னிக்கே வாங்கிட்டுப் போனாங்களே.”

“எந்த அண்ணி?”

“எனக்கு எத்தனை அண்ணிண்ணே? உங்க வீட்டம்மாதான். போன மாசக் கடைசியில. எந்த வகைன்னு ஹோஸ் மேல அச்சடிச்ச எழுத்தை ரெண்டு தடவை படிச்சுப் பார்த்துட்டுத்தான் வாங்கினாங்க.”

முதல் தடவையாக அவன் அந்த ஊமைச்சிரிப்பைக்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். சிரித்திருந்தால் சண்டை போட்டுவிட்டாவது வந்திருப்பேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். குடித்தேன்! அவன் கடைத் தண்ணீரை!

வீட்டுக்கு வந்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கம் போனதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே மடித்து முடித்தாள். பிறகு பின்பக்கம் போய் ஒரு கண்ணாடிச் சீசாவைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே நான் வெட்டிக்கொடுத்த ஹோஸிலிருந்து ஒரு விரல் நீளம். ஒர்க்‌ஷாப்பில் பெட்ரோலில் ஊறவைத்து எடுத்தாளாம். டேங்குக்குள் அப்போதே நல்ல ஹோஸை மாட்டிவிட்டாளாம். வெளித்தோல் புண்போல் உப்பி, நீளவாக்கில் வாய் பிளந்திருந்தது. தொட்டேன். விரலில் கறுப்பாக ஒட்டியது.

“தெரிஞ்சிருந்தும் ஏன் சொல்லல?” என்று நான்தான் கேட்டேன். கேட்க என்ன தைரியம் எனக்கு!

“தம்பியை விட்டுக் கேட்டேனே. தலை நரைச்சிருக்குன்னு பதில் வந்துச்சு.” பிறகு குரலைத் தணித்தாள். “சரி, கஸ்டமர்னு நினைச்சுச் சொன்னீங்க. என்னை வண்டிக்கு அடியில பார்த்த பிறகு? அன்னிக்குச் சாயங்காலமே ஓடி வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன். மறுநாள் சொல்லுவீங்கன்னு இருந்தேன். உப்பு கம்மின்னீங்க.”

“மாத்தத்தானே போனேன்...”

“மாத்தத்தான் போனீங்க. சொல்லப் போகலியே.”

மடித்த துணியை அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பி நின்று, நான் பயந்த அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

ஜூன் 12, வியாழன்

ஒவ்வொருவராக ஞாபகம் வைத்து போன் போடுகிறேன். “டேங்க் ஹோஸ் தப்பா குடுத்துட்டேன், வண்டியைக் கொண்டாங்க, மாத்தித் தரேன்.” தப்பா குடுத்துட்டேன் என்றுதான் வாய் வருகிறது. தெரிந்தே கொடுத்தேன் என்பது தொண்டைக்கு மேல் ஏறவில்லை.

டாக்ஸிக்காரர் ஒருவர் சொன்னார்: “அடப்பாவி, அதுவா? போன மாசம் மேம்பாலத்து மேல வண்டி செத்து நின்னுச்சு. பின் சீட்ல பிரசவத்துக்குப் போற பொண்ணு. நாலு பேர் சேர்ந்து தள்ளுனோம்.”

நல்லபடியாக ஆயிற்றா என்று கேட்டேன். “ஆச்சு, ஆச்சு. பொம்பளைப் பிள்ளை” என்றார். போனை வைத்தேன். கவுண்டரில் நின்றவர் “என்னய்யா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?” என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

ஓடுதளம். வெயில். தீயணைப்புச் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு நான். யாரும் பிடிக்கச் சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முன் பானெட்டைத் திறந்து ரெகுலேட்டர் மேலே இருந்த, பெட்ரோல் அழுத்தம் காட்டுகிற மீட்டரைக் காட்டினாள். ஆக்ஸிலரேட்டரை மச்சினன் மிதிக்க மிதிக்க முள் கூடவே ஏறியது. விட்டதும் இறங்கியது. ஒரு நடுக்கம் இல்லை. “பார்த்துட்டீங்களா? இப்பவாவது மூச்சு விடுங்க.”

விடவில்லை. அவள் போன சத்தம் என் நெஞ்சுக்குள்ளே போன மாதிரி இருந்தது. புள்ளியாகிப் போனாள். அந்தக் கோடியில் ஒன்றுமே தெரியவில்லை. காதில் சத்தமும் நின்றுவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு, என் கையாலேயே —

பிறகு மெதுவாகத் திரும்பி உருட்டிக்கொண்டு வந்தாள். கண்ணாடியை இறக்கி, “அந்தச் சிலிண்டரைக் கீழ வைங்க, கை வலிக்கப்போகுது” என்றாள். விரல்கள் பிரியவில்லை. மச்சினன்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான்.

எத்தனையாவது இடம் வந்தாள் என்று கேட்கவே மறந்துவிட்டேன்.

ஜூலை 2, புதன்

காலையில் இருவரும் சேர்ந்தே கடை திறந்தோம். ஷட்டர் சத்தமில்லாமல் ஏறியது. அவள்தான் ஆயில் விட்டிருக்கிறாள்.

அந்தச் சீசா கவுண்டரில் இருக்கிறது. உள்ளே உப்பிய துண்டு, பக்கத்தில் நல்ல துண்டு. வைத்தவள் அவள். எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். “எடுங்க, பார்க்கலாம்” என்றாள். எடுக்கவில்லை. வருகிறவர்கள் பார்க்கிறார்கள், என்ன ஏது என்று கேட்கிறார்கள், விலை கூடினதைத்தான் வாங்கிப்போகிறார்கள். வியாபாரியாகச் சொல்கிறேன், பழுதில்லை.

மதியம் மச்சினன் வந்தான். டேங்க் ஹோஸ் ஒரு சாண். “இந்தத் தடவை நிஜமாவே வேற பார்ட்டிதான் மாமா!” புது உருளையை எடுத்து, அளந்து, கத்தி வைத்துச் சீராக வெட்டிக் கொடுத்தேன்.

வாங்கிப் பையில் போடவில்லை அவன். என்னைத் தாண்டிக் கையை நீட்டி அக்காவிடம் கொடுத்தான். அவள் கேட்லாக்கை மூடிவிட்டு, ஹோஸை வெளிச்சத்தில் பிடித்து, மேலே அச்சடித்ததை ஒரு எழுத்து விடாமல் படிக்க ஆரம்பித்தாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.