தேன்புல்

போடிமெட்டு,
1926 ஐப்பசி 9

அழகுத்தாய்க்கு மொக்கையன் எழுதுவது.

நீ மயிலையையும் ஓட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்கு மலையிறங்கியதிலிருந்து தொழுவம் வெறிச்சென்று கிடக்கிறது. உன்னைப் பற்றி எழுதவில்லை. மாட்டைப் பற்றி எழுதுகிறேன்.

சினையாக இருக்கும் மயிலைக்குத் தேன்புல் போடாதே. மாடு கொழுக்கும் என்று உன் தம்பி வீரபாண்டி கதிர் பிசுபிசுக்கும் புல்லாகப் பார்த்து அறுத்துச் சந்தையில் விற்கிறான். அது தேன் அல்ல, கதிரைப் பிடித்த பூஞ்சணம். கொஞ்ச நாளில் அதே கதிரில் மணி இருக்கவேண்டிய இடத்தில் எலிப்பல் போலக் கறுப்பாக நீளும். அதைத் தின்ற பொதிமாடுகள் என்னிடம் வைத்தியத்துக்கு வந்து நம் கொட்டிலில் குளம்பு கழன்று நின்றதை நீயே பார்த்தாய்.

சந்தையில் இதைச் சொன்னதற்கு, "மச்சானுக்கு மலைக்காத்து மண்டையில ஏறிப்போச்சு" என்றான். ஊர் சிரித்தது. நீ அவன் பக்கம் போய் நின்றாய். நான் மறக்கவில்லை.

மொக்கையன்

போடி,
ஐப்பசி 20

மாமாவுக்கு அழகுத்தாய் வணக்கம். எழுத்துக் கோணலாக இருந்தால் கற்றுக்கொடுத்தவரே பொறுப்பு.

மாடு நன்றாக அசை போடுகிறது. எனக்கு முழங்கால் வலி. நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

சந்தை நடுவில் "விஷம் விக்கிறாண்டா" என்று நீங்கள் கத்திய நாளிலிருந்து, சிரித்தவர்கள்கூடத் தம்பியிடம் புல் வாங்குவதில்லை. பிள்ளைகுட்டிக்காரன். இங்கே அடுப்பு ஒரு வேளைதான் எரிகிறது. "விஷம்னு சொன்னது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், அக்காவ நானே மலையேத்தி விடுறேன்" என்கிறான்.

ஒரு வார்த்தைதானே, மாமா.

அழகுத்தாய்

போடிமெட்டு,
கார்த்திகை 4

அழகுத்தாய்க்கு,

ஒரு வார்த்தைதான். ஆனால் பொய் வார்த்தை.

பூதக்கண்ணாடியோடு சரிவெல்லாம் மறுபடி ஏறி இறங்கினேன். எல்லாப் புல்லும் விஷம் என்று நான் சொல்லவில்லை. ஒரு புல்லில் கறுப்புப் பல். ஒன்றில் கதிர் முழுக்கக் கரிப்பொடி. இன்னொன்றில் தண்டைச் சுற்றி வெள்ளை வளையம், உன் கால்மெட்டி போல. அந்தப் புல் கதிரே விடுவதில்லை. புல்லுக்குப் புல் வேறு வேறு பூஞ்சணம் குடியிருக்கிறது. எது கொல்லும், எது சும்மா இருக்கும் என்று எனக்கு முழுக்கத் தெரியாது. கறுப்புப் பல்லை மட்டும் தெரியும். தெரிந்ததைத் தெரியாது என்று சொல்ல என் நாக்கு வளையாது.

கதிர் வருமுன் அறுத்தால் அதே புல் நல்ல தீனி. அதை உன் தம்பி முதலில் ஒத்துக்கொள்ளட்டும்.

பொதிமாடு ஓட்டிவரும் குருசாமியிடம் தைலம் கொடுத்திருக்கிறேன். மாட்டுக்குப் பூசுவதுதான், உன் முழங்காலுக்கும் கேட்கும்.

மொக்கையன்

போடி,
1927 தை 22

மாமாவுக்கு,

மயிலை ஈன்றுவிட்டது. கிடாரி, நெற்றியில் வெள்ளை. உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே புல்லை நிறுத்தி வைக்கோலும் அகத்தியும்தான் போட்டேன். விஷம் என்று நம்பியா என்று கேட்காதீர்கள். நீங்கள் சொன்னீர்கள், அவ்வளவுதான்.

தம்பியின் பசு அவனிடம் விற்காமல் தேங்கிய புல்லைத்தான் தின்றது. மார்கழியில் அதன் சினை கலைந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான், சோறு இறங்கவில்லை. மறுநாள் மிச்சப் புல்கட்டுகளையெல்லாம் கொல்லையில் போட்டுக் கொளுத்தினான். "ஏண்டா?" என்றேன். "ஈரம் பட்டுருச்சுக்கா" என்றான்.

அவனும் சொல்லமாட்டான், நீங்களும் சொல்லமாட்டீர்கள். நடுவில் எனக்கு வயதாகிறது. மாசிக் கடைசியில் கன்றோடு ஏறி வருகிறேன். யாரும் எந்த வார்த்தையும் சொல்ல வேண்டாம். தைலம் நாறுகிறது; வலி விட்டது.

அழகுத்தாய்

போடிமெட்டு,
மாசி 12

அழகுத்தாய்க்கு,

ஈரம் பட்டதாமா! சந்தையில் சிரித்தவன் சந்தையில் வந்து சொல்லவில்லை. அதை நான் விடப்போவதில்லை.

தொழுவத்துக்குக் கூரை மாற்றிவிட்டேன். கன்றுக்குத் தனிக் கயிறு திரித்திருக்கிறேன். மேலே குளிர் இன்னும் போகவில்லை, கம்பளி போர்த்திக்கொண்டு ஏறு. முழங்கால் கடுத்தால் அங்கேயே உட்கார். நான் பாதி வழி இறங்கி நிற்பேன்.

பொங்கல் கழித்து நெருப்பு வைத்த கிழக்குச் சரிவில் இளம்புல் தளதளவென்று நிற்கிறது. ஒரு கதிர்கூட எட்டிப் பார்க்கவில்லை. கீழே இப்போது பச்சைக்குப் பஞ்சமாக இருக்கும். வழித்துணைக்கு வீரபாண்டியைக் கூட்டி வா. அரிவாளையும் எடுத்துவரச் சொல்.

நான் சொன்னதாகச் சொல்லாதே.

மொக்கையன்