எட்டாவது சுற்றிலிருந்து

நாகர்கோவில்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் ஸ்மைலினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், நீயும் அங்கே சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு என்னை அதிகாரம் செய்கிறார். உன் அண்ணன் ஜெபிஷின் பிள்ளை கவிழ்ந்து படுக்கத் தொடங்கிவிட்டது. ஞானஸ்நானத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்று அவனிடம் சொன்னாயாம். என்னிடம் சொல்லவில்லை. ஒன்பது நாளாக நான் கூப்பிட்டாலும் நீ எடுப்பதில்லை, அதனால்தான் உன்னோடு வேலை பார்க்கிற ஆன்ஸ்லின் லீவு முடிந்து புதன்கிழமை அங்கே திரும்பும்போது கொண்டுவந்து தரட்டும் என்று இதை எழுதுகிறேன்.

பிள்ளைக்கு நீ குரோஷா ஊசியால் பின்னி ஆன்ஸ்லினிடம் கொடுத்தனுப்பிய நூல் தொப்பியை நான் பிரித்தது தப்பு. உச்சியிலிருந்து ஏழு சுற்று நன்றாக வந்திருந்தது. எட்டாவதிலிருந்து, சுற்று முடித்து இணைக்கிற நூல் கண்ணையும் ஒரு கண்ணாக எடுத்து அதிலும் போட்டிருந்தாய், அதனால் சுற்றுக்கு ஒரு கண் கூடி, இணைப்பு பின்பக்கம் கோணலாக இறங்கியிருந்தது. சபையில் நாலு பேர் பார்ப்பார்களே என்று பிரித்துவிட்டேன். பிரிக்கும்போதே பார்த்தேன், ஒவ்வொரு இணைப்பிலும் நூல் பஞ்சு பஞ்சாகி அழுக்கேறியிருந்தது. டியூட்டி முடிந்து வந்து அந்த இடத்தையே எத்தனை தடவை அவிழ்த்து அவிழ்த்துப் போட்டாயோ. அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. நேராகப் போட்டு முடித்து, ஏதோ சாதித்த மாதிரி குடும்ப குரூப்பில் போட்டோவும் போட்டேன். நீ பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்று மட்டும் எழுதினாய். அப்பா அப்போதே கேட்டார், ஏட்டி, பிள்ள ஆசையா போட்டு அனுப்பினத நீ எதுக்குப் பிரிச்ச என்று. உங்களுக்கு என்ன தெரியும் என்று அவரையும் ஏசினேன். எட்டாம் வகுப்புக் கைவேலைக்கு நீ போட்ட வட்ட விரிப்பையும் இப்படித்தான் பிரித்து நானே திரும்பப் போட்டேன். பரிசு வந்தது, ஆனால் நீ அதற்குப் பிறகு ஊசியைத் தொடவில்லை, படிப்பு கூடிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் கழித்து நீயாக போனைப் பார்த்துப் படித்துப் போட்டாய், அதையும் விட்டுவைக்கவில்லை நான். மன்னித்துவிடு மக்கா.

நீ போட்ட மாதிரியே திரும்பப் போட்டு வைக்கலாம் என்று உட்கார்ந்தேன், எனக்கு வரவில்லை. அதனால் நான் போட்டதையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். உன்னுடைய ஏழு சுற்றும் அப்படியே இருக்கிறது, மிச்ச நூலை உருட்டி அதோடு வைத்திருக்கிறேன். இங்கே இருந்தால் என் கை சும்மா இருக்காது, ஆன்ஸ்லினிடமே கொடுத்துவிடுகிறேன். இணைக்கும்போது முதல் கண்ணில் ஊசியை விட்டு நூலை இழுத்துவிட்டு, அந்த இணைப்புக் கண்ணை விட்டு அடுத்ததில்... பார், மறுபடியும் தொடங்கிவிட்டேன். உனக்கு எப்படி வருமோ அப்படிப் போடு.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ஏசியில் ஈரத் தலையோடு படுக்காதே. ஞானஸ்நானம் வருகிற மாதம் இரண்டாவது ஞாயிறு. லீவு நிஜமாகவே கிடைக்கவில்லை என்றால் சரி. என்னால்தான் வரவில்லை என்றால், என்னை நாலு வார்த்தை ஏசுவதற்காகவாவது வந்துவிடு. கர்த்தர் உன்னைக் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அம்மா
தங்கபாய்