மாத்திரையை நிறுத்தியது நானில்லை

என்னங்க, நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன். சாப்பாட்டை அடுப்புமேல் மூடி வைத்திருக்கிறேன், சுடவைத்துச் சாப்பிடுங்கள். சாவி கீழ்வீட்டுத் தையல்காரரிடம் இருக்கிறது.

"மாத்திரைய ஒழுங்கா போட்டிருந்தா புள்ள தங்கியிருக்கும்" என்று நேற்று உங்கள் அம்மா எதிரிலேயே சொல்லிவிட்டீர்கள். சினைப்பை நீர்க்கட்டிக்கும் இன்சுலின் கோளாறுக்கும் கொடுத்த அந்த மெட்ஃபார்மின் மாத்திரை வயிற்றைப் புரட்டியதில் தண்ணீர்கூடத் தங்கவில்லை. டாக்டரம்மாதான் அதை நிறுத்திவிட்டு இனோசிட்டால் பொடி எழுதிக் கொடுத்தார். நீங்கள் அப்போது காரில் போன் பேசிக்கொண்டிருந்தீர்கள். கரு கலைந்த அன்றும், "உன்மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்று அவர் சொன்னதை நான் தனியாகத்தான் கேட்டேன்.

இனி எந்த மருந்து என்று டாக்டரம்மாவிடம் கேட்க வெள்ளிக்கிழமை போகிறேன். முடிந்தால் நீங்களும் வாருங்கள்.

இன்னொன்று: காலையில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு நீங்கள் அழுதது எனக்குக் கேட்டது. கதவைத் தட்டக் கை எழவில்லை.