காற்றுப்பை இல்லாத மீன் எங்கே போகும்?

என் அண்ணாவுக்கு, கோபம் தணியாமலே எழுதுகிறேன். பாசம் குறைந்ததாக நினைக்காதே.

நீ போய் ஒரு குளிர்காலம் முடிந்துவிட்டது. சென்ட் லோரன்ட்டில் என் வீட்டு முனை டெப்பனர் கடையின் பெயர்ப்பலகை இப்போது முழுக்கப் பிரெஞ்சு. நான் அதே மருந்துத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில்தான் இருக்கிறேன். இப்படி ஊர்க்கதையாகவே எழுதிக்கொண்டு போகத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கர்க்லாண்டில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். மன்னி, மாலை போட்ட உன் படத்துக்குப் பக்கத்தில் நீல அட்டை போட்ட ஒரு புத்தகத்தை நிறுத்தி, அதற்கும் சந்தனப் பொட்டு வைத்திருந்தாள்.

"பாரு ராஜி, அவர் பேரை முதல்ல போட்டிருக்கா. ஆராய்ச்சி நிலையத்துலேர்ந்து அனுப்பிச்சிருக்கா."

வடதுருவக் கடலில் எண்ணெய்க்குத் துளை போடப்போகும் கம்பெனிக்காக நீ வேலை பார்த்த கடல் ஆராய்ச்சி நிலையம் தயாரித்த அறிக்கை அது. நின்றபடியே புரட்டினேன். குறிப்பிட்ட அந்தப் பகுதியில் கடலடி வெறும் சேறு, சொல்லும்படியான உயிர்க்கூட்டம் இல்லை என்று எழுதியிருந்தது. வேலை நடக்கும்போது அடியில் வாழும் மீன்கள் வேறிடம் நகர்ந்துவிடுமாம். மேலே முதல் பெயர் உன்னுடையது.

நகர்ந்துவிடுமா? நீயா அப்படிச் சொன்னாய்?

அதே வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "அந்த முள்தலை மீனுக்குக் காற்றுப்பை கிடையாதுடி. நீந்தறதை நிறுத்தினா கல்லு மாதிரி அடியில உட்காந்துடும். அதுக்குத் தரைதான் வீடு, தரைதான் சமையலறை." மன்னி ரசக்கரண்டியோடு வந்து, "சாப்பிடற இடத்துல மீன் வயிறு எதுக்கு?" என்றாள். "அது வயித்துல என்ன இருக்குன்னு பார்த்தாத்தானே எங்க குடியிருக்குன்னு தெரியும்? உன் ரசத்தைப் பார்த்தா நான் எந்த வீட்டு ஆள்னு தெரியற மாதிரி" என்றாய் நீ.

கப்பலில் மற்றவர்கள் வலையை இழுத்ததும் மீனைப் பொறுக்கிக்கொண்டு, மீதியைக் குப்பை என்று கடலிலேயே கொட்டிவிடுவார்கள். நீ மட்டும் ஒரே இழுப்பில் வந்த மீனையும் கடற்பஞ்சையும் நட்சத்திர மீனையும் புழுவையும் சேற்றையும் ஒரே துணியில் மூட்டையாகக் கட்டி, எந்த இடத்தில் இழுத்தது என்று ஒரே சீட்டைக் கோத்துவிடுவாய். சனிக்கிழமைகளில் நான் பஸ் பிடித்து நிலையத்துக்கு வந்து உன்னோடு உட்கார்ந்து அறுப்பேன். ஜென்மத்தில் மீனை வாயில் வைக்காதவள் மீன் வயிற்றைக் கீறுகிறாள் என்று கப்பலில் போய்வருகிறவர்கள் சிரிப்பார்கள். வயிற்றுக்குள் இறால் குஞ்சு மாதிரி சின்னப் பிராணிகள் இருக்கும், புழுத்துண்டுகள் இருக்கும். மூட்டையின் சேற்றை அலசினால் அவையே அங்கேயும் கிடைக்கும். பஞ்சும் பவளமும் அடர்ந்த இடத்து மூட்டையில் மீன்கள் கொழுத்திருக்கும். பனிப்பாறை உரசிச் சுரண்டிய இடத்து மூட்டையில் ஒன்றிரண்டு இளைத்த மீன்கள்தான்.

முட்டையை விட்டு நகராமல் காவல் இருக்கும் அப்பா மீனைப் பற்றியும் சொன்னாய். அந்தக் குளிரில் எல்லாமே மெதுவாகத்தான் வளரும், ஒரு தடவை தரை போனால் நம் ஆயுசுக்குள் திரும்பாது என்றும் சொன்னாய்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு உன் நிலையத்துக்குப் போனேன். கிடங்கில் சிவம் இருந்தார். நீ 'யாழ்ப்பாணத்து மாப்பிள்ளை' என்று கிண்டல் செய்வாயே, அவர்தான்.

"மூட்டையெல்லாம் எங்க, சிவம்?"

"அவிழ்த்தாச்சு அக்கா. நான்தான் அவிழ்த்தனான். இடம் காணாது, மீனை மீனோட வை, மற்றதைப் பீப்பாயில போடு எண்டு மேலிடத்தில சொன்னவை."

"எந்த மீன் எந்தச் சேத்துல வந்ததுன்னு இப்ப எப்படித் தெரியும்?"

"தெரியாதுதானே. மீனுக்கு மட்டும் சீட்டு கட்டினது. பீப்பாய்க்கு ஒண்டும் இல்லை." கொஞ்சம் தயங்கினார். "கடைசியாக் கட்டின கொஞ்ச மூட்டை குளிர் அறையில அப்பிடியே கிடக்குது. எனக்குக் கைநோவு. பிறகு பாப்பம் எண்டு விட்டனான்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அறிக்கை எழுதியவர்கள் மீன் அலமாரியை மட்டும் பார்த்திருக்கிறார்கள். அங்கே மீனைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆகவே கடலடியிலும் வேறொன்றும் இல்லை. அலமாரியைத் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு, அதைப் பார்த்துக் கடலே காலி என்று எழுதியிருக்கிறார்கள். படித்தவர்கள், அண்ணா.

நிலையத் தலைவர் எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். உங்கள் அண்ணனைக் கௌரவிக்கத்தான் முதல் பெயராகப் போட்டோம் என்றார். அண்ணன் சொன்னதற்கு நேர்மாறாக எழுதியிருக்கிறீர்கள், பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன்.

"தாராளமாக. ஒரு வரிதானே? நாளைக்கே எடுத்துவிடலாம்."

அவர் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதும் காபியைத் தள்ளி வைத்தேன். பொய் அப்படியே இருக்கும், நீ மட்டும் போய்விடுவாய். அது அவர்களுக்கு இன்னும் வசதி. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

உன்மேலும் கோபம்தான். ஏன் எழுதி வைக்கவில்லை? கேட்கும்போதெல்லாம், "இன்னும் ஒரு கோடை கடலுக்குப் போயிட்டு வந்து எழுதறேன்" என்பாய். எழுதிவிட்டால் முடிந்துவிடும் என்று பயந்தாயா? சனிக்கிழமை முழுக்க என்னோடு பேசினாயே, அந்தப் பேச்சை எந்த அறிக்கையில் தேடுவது? அந்தத் தலைவரை நல்ல மனிதர் என்றும் சொன்னாய். நல்ல மனிதர்தான். காபி சூடாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்து மன்னிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"பேரை எடுக்கச் சொல்லாதே ராஜி. அவர் சொல்லாததை எழுதியிருந்தா, அவர் சொன்னதை நீ போய்ச் சொல்லு. கூட உட்காந்து அறுத்தவ நீதானே?"

"நான் யாருன்னு கேப்பா, மன்னி. மருந்துக் கம்பெனியில மாத்திரை சோதிக்கறவ."

"அவர் பேர் இருக்கறவரைக்கும் அவர் தங்கைன்னு சொல்லலாம். பேரை எடுத்துட்டா என்னன்னு சொல்லுவே?"

உன் மனைவிக்கு இருக்கும் தெளிவு உனக்கு இருந்திருந்தால் இந்தக் கடிதமே வேண்டியிருக்காது.

அடுத்த மாதம் இந்த ஊரில் அந்தத் துளையிடும் திட்டத்தைப் பற்றிப் பொதுவிசாரணை. யார் வேண்டுமானாலும் பேசலாம். பெயர் கொடுத்துவிட்டேன். குளிர் அறையில் மிச்சமிருக்கும் மூட்டைகளைத் தொடக்கூடாது என்று தலைவருக்கும் விசாரணைக்குழுவுக்கும் எழுதிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை.

உனக்கு ஒன்று சொல்கிறேன். உன் பெயர் அந்த முதல் வரியிலேயே இருக்கும். அதற்குக் கீழே இருப்பது உன் வார்த்தை இல்லை என்று எழுந்து நின்று சொல்வேன். அந்த மூட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி, எல்லார் முன்னாலும் நானே அவிழ்த்து, மீனையும் அது வாழ்ந்த தரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். தரமாட்டோம் என்றால், தரமாட்டோம் என்றார்கள் என்பதையும் அங்கேயே சொல்வேன். என் குரல் நடுங்கும். பரவாயில்லை, நடுங்கிக்கொண்டே முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்தவள்,
ராஜி