பம்புக் கார்டு பத்தும் போன கதை

19.6.83
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஞானசிகாமணிக்கு, உன் நைனா தானியேல் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம், நம் காலனிக் கைப்பம்பும் வியாழக்கிழமையிலிருந்து சுகம். பிலாயில் உன் உடம்பு, உன் வயிறு, உன் தூக்கம் எல்லாம் சுகமா என்று அறிய ஆவல். கிறிஸ்துமஸுக்கு நீ போட்ட கடிதத்துக்கு அப்புறம் ஒன்றும் வரவில்லை. ஷிப்ட் வேலை, பிள்ளைக்கு நேரம் கிடைத்திருக்காது என்று உனக்காக நானே அம்மாவிடம் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எப்போதும் கார்டில் நாலு வரி எழுதுகிற நைனா இந்தத் தடவை கவர் வாங்கி, நோட்டுத் தாள் கிழித்து எழுதுகிறாரே, என்ன வந்தது இவருக்கு என்று நீ யோசிப்பாய். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரி, ஆனால் ரூமில் இருக்கிற மற்ற பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டாதே. எங்க நைனாவும் ஒரு ஃபிட்டர்தான் என்று அவர்களிடம் நீ சொல்லி வைத்திருந்தால் அந்தப் பேர் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

போன வருஷம் பொங்கல் கழிந்து என்னை நம் பம்புக்குப் பராமரிப்பாளர் ஆக்கினார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா, எழுதியிருந்தேன் என்ன, கிடைத்த கார்டில் எல்லாம் அதைத்தான் எழுதினேன். உத்திரமேரூரில் யூனியன் ஆபீசில் இரண்டு நாள் வகுப்பு, மத்தியானம் சாம்பார் சாதம். ஐம்பத்தாறு வயதில் பெஞ்சில் உட்கார்ந்தால் முட்டி இடிக்கிறது, ஆனாலும் இரண்டு நாளும் முதல் வரிசையை நான் யாருக்கும் விடவில்லை. படித்ததுகள் எல்லாம் உன்னை மாதிரி வெளியூர் போய்விட்டதால், காலனியில் ஐந்தாவது வரை படித்தவன் என்று மிச்சமிருந்தது நான் ஒருத்தன்தான், அதனால் என்னை எடுத்தார்கள். என் நாணயத்தைப் பார்த்து எடுத்தார்கள் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். மூன்று ஸ்பானர், ஒரு டப்பா கிரீஸ், ஒரு கம்பி பிரஷ், பத்து கார்டு கொடுத்தார்கள். கார்டில் ஒரு பக்கம் ஆபீஸ் விலாசம் அச்சடித்திருக்கும், ஸ்டாம்பு கூட ஒட்ட வேண்டாம். மறுபக்கம் பம்பு நம்பர், ஊர், பழுது என்று மூன்று கோடு. வாரம் ஒரு தடவை சங்கிலிக்கு கிரீஸ் போடு, போல்ட்டை முடுக்கு, உன்னால் ஆகாத பழுது என்றால் இந்தக் கார்டைப் போடு, கார்டு வந்தால் வண்டி கிளம்பும் என்று ஆபீசர் சொன்னார். கார்டு வந்தால்தான் வண்டி கிளம்பும் என்று என் காதில் விழுந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டவன் நான்.

இனி அந்தப் பத்து கார்டின் கதையைக் கேள். முதல் கார்டை வகுப்பு முடிந்த மறுவாரமே போட்டுவிட்டேன். கார்டு கொடுத்தவர்களுக்கு ஒன்றும் எழுதாமல் இருப்பது மரியாதை இல்லை என்று பட்டது. பழுது என்ற இடத்தில், தங்கள் ஆசியால் பம்பு நலம் என்று எழுதினேன். நாலாம் நாள் உச்சி வெயிலில் மெக்கானிக் முனிரத்தினம் உத்திரமேரூரிலிருந்து சைக்கிளில் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினார். பம்பை நாலு அடி அடித்துப் பார்த்தார், தண்ணீர் கொட்டியது. பெரியவரே, நலம்னு எழுதறதுக்கா இந்தக் கார்டு, ஆபீசுல நலம்ங்கறத யாரும் படிக்கல, கார்டு வந்திச்சின்னு என்னத் தொரத்திட்டாங்க, நல்லா பேஜார் பண்ணீங்க போங்க என்றார். அம்மா மோர் கொடுத்து அவரைச் சமாதானம் செய்து அனுப்பினாள். அப்புறம் பம்பு மூச்சு விடாமல் ஒரு வருஷம் ஓடியது, கார்டு பைபிளுக்குள் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிறதே என்று பசு ஈன்றபோது உனக்கு ஒன்று, அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது ஒன்று, ஈஸ்டருக்கு ஒன்று, மழை இல்லை என்று எழுத ஒன்று, ஆக நாலு. ஆபீஸ் விலாசத்தை அடித்துவிட்டுப் பக்கத்தில் உன் விலாசத்தைப் பொடி எழுத்தில் எழுதினேனே, ஞாபகம் இருக்கும். வாலாஜாபாத்தில் உன் அத்தைக்கு ஒன்று, உன் மாமனுக்கு ஒன்று, எலி கடித்தது இரண்டு, நான் தப்பாக எழுதிக் கிழித்தது ஒன்று. எல்லாம் நியாயமான செலவு என்றுதான் அன்றைக்குத் தோன்றியது.

மே மாதக் கடைசி சனிக்கிழமை விடியற்காலம் நம் தெரு அம்முலு வந்து வாசலில் நின்று, அண்ணே, பம்பு வெறும் காத்த அடிச்சிக்கினு கீது, வந்து பாரு என்று கூப்பிட்டாள். நான் அவசரப்படாமல் சட்டை போட்டுக்கொண்டு, மூன்று ஸ்பானரையும் எடுத்துக்கொண்டு போனேன், தேவை ஒன்றுதான், மூன்றையும் பார்க்கட்டும் என்று எடுத்துப் போனேன். மூடியைக் கழற்றினேன், சங்கிலியைத் தட்டினேன், காதை வைத்துக் கேட்டேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சுற்றிப் பெண்பிள்ளைகள் குடத்தோடு நிற்கிறார்கள். கோளாறு அடியில் கீது, இது வண்டி வந்து பைப்பைத் தூக்கினால்தான் ஆவும், கார்டு போட்டுடறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து பைபிளைத் திறந்தேன். ஆதியாகமத்திலிருந்து கடைசிவரை புரட்டினேன், உதறினேன், ஒரு கார்டும் இல்லை. பைபிளை அவ்வளவு சிரத்தையாக நான் புரட்டியது அன்றைக்குத்தான். அதற்குள் அம்முலு வந்து, போட்டியாண்ணே என்று கேட்டாள். போட்டுட்டேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். நேரே ஆபீசுக்குப் போனால் பத்து கார்டும் எங்கே என்று கேட்பார்கள், ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டு வேறு ஆளைப் போடுவார்கள் என்று பயம். இந்த வயதுவரை என்னை யாரும் ஒன்றுக்கும் பராமரிப்பாளர் என்று சொன்னதில்லை, அதை விட மனசு வரவில்லை.

நாலு நாள் ஆயிற்று, எட்டு நாள் ஆயிற்று. வண்டி எப்படி வரும். இந்த வருஷ வறட்சி உனக்குச் சொன்னால் நம்ப மாட்டாய், ஏரி வெடித்துக் கிடக்கிறது, நடுவில் பள்ளம் தோண்டி ஊறுகிற கலங்கல் தண்ணீரைத்தான் துணியில் வடிகட்டிக் கொண்டுவந்தார்கள். அதுவும் போதாதபோது பழையபடி ஊர்த்தெருப் பஞ்சாட்சரம் அவர்கள் கழனிக் கிணற்றுக்குப் போக வேண்டி வந்தது. அங்கே முறை உனக்குத் தெரியும். நம்மவர்கள் வரப்புக்கு இந்தப் பக்கம் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும், அவர்கள் மாடு குடித்த பிறகு அவர்கள் ஆள் மொண்டு மேலேயிருந்து ஊற்றுவான், பாதி வெளியே போகும். பம்பு வந்த அன்றைக்கு, இனிமே செத்தாலும் அந்த வரப்புல போயி நிக்க மாட்டேன் என்று உன் அம்மா எல்லோர் முன்னாலும் சொன்னவள். அவள் போய் நின்றாள். பஞ்சாட்சரத்தின் சம்சாரம் செல்லம்மாள் மேலேயிருந்து பார்த்துவிட்டு, இன்னாடி ஜெயம்மா, உன் வூட்டுக்காரன் பம்பு ஆபீசருன்னு பேசிக்கினாங்க, நீ இங்க வந்து நிக்கிற என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா அதை வந்து என்னிடம் சொல்லிவிட்டு, என்னைக் கோபிக்காமல், அந்த ஆபீஸ்காரன் மேல்தான் கோபித்துக்கொண்டாள். நானும் கூடச் சேர்ந்து ஆபீஸ்காரனைத் திட்டினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாகவே திட்டினேன்.

பதினெட்டாம் நாள் அம்முலுவின் பேத்திக்கு ஏரித் தண்ணீரால் வாந்தியும் பேதியும் கண்டு, கண் செருகிவிட்டது. உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அம்முலு மாற்றுத் துணி எடுக்க வந்தவள் நம் வீட்டு வாசலில் நின்று, அண்ணே, நீ எழுத்து தெரிஞ்ச மனுசன், நாங்க சொன்னா எவன் கேப்பான், இன்னொரு கார்டு நல்லா அழுத்தி எழுதிப் போடுண்ணே என்று சொல்லிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் தெருமுனை திரும்பினதும் அம்மாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் ஊதுவதை நிறுத்திவிட்டாள். அப்புறம், அப்ப நான் அந்த வரப்புல நின்னது உன்னாலதானா என்று ஒன்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். மறுநாள் முதல் பஸ்ஸுக்கு என்னை இழுத்துக்கொண்டு அவளே கிளம்பிவிட்டாள்.

ஆபீசில் நான் தூணுக்குப் பின்னால் நின்றேன், அம்மாதான் போய்ப் பேசினாள். முனிரத்தினம் என்னைத் தேடிப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். கார்டு என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவே இல்லை. பெரியவரே, வெள்ளத் தாள்ல எழுதினாலும் வருவோம், பஸ் கண்டக்டர்கிட்ட சொல்லி அனுப்பினாலும் வருவோம், நீங்க அலையக் கூடாதுன்னுதான் அந்தக் கார்டே குடுத்தது, பத்தொம்போது நாளா இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க என்றார். இரண்டு வரி ஒரு வெறும் தாளில் எழுதியிருந்தால் அந்தக் குழந்தைக்கு ஊசி குத்தியிருக்க வேண்டாம். இதில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லையடா.

அன்றைக்கே வண்டி கிளம்பியது, எங்களையும் ஏற்றிக்கொண்டார்கள். நாலு பேர் சேர்ந்து பைப்பை ஒவ்வொன்றாகத் தூக்கினார்கள். அடியில் தோல் வாஷர் தேய்ந்து நாராகக் கிடந்தது, உள்கம்பியும் ஒரு மரையில் கழன்றுவிட்டிருந்தது. புதுசு போட்டுப் பைப்பை இறக்கிக்கொண்டிருக்கும்போது அம்மா என் பக்கத்தில் வந்து, தண்ணி வர்றதுக்கு முன்னாடியே எல்லார்கிட்டயும் சொல்லிடு, வந்தப்புறம் சொன்னா சந்தோசத்துல மன்னிச்சிடுவாங்க என்றாள். காலனியே கூடியிருக்கிறது, அம்முலுவும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறாள். பம்பு மேடையில் ஏறி நின்று சொன்னேன். கார்டு போடவே இல்லை, போட்டேன் என்று பொய் சொன்னேன், கார்டை எல்லாம் மகனுக்கும் சொந்தக்காரர்களுக்கும் எழுதித் தீர்த்துவிட்டேன் என்று சொன்னேன். பைப்பு இறக்குகிறவர்கள் கூட நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அம்முலுதான் கேட்டாள், சிகாமணிக்கு எத்தினி போட்டண்ணே என்று. நாலு என்றேன். அவன் இன்னா எழுதினான் என்றாள். நான் குனிந்து பைப்பைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, பெத்த புள்ளைக்குப் போட்டத நான் தப்புன்னு சொல்ல மாட்டேன், போட்டுட்டேன்னு என் மூஞ்சியப் பாத்து சொன்ன பாரு, அதத்தான் என்னால மறக்க முடியாது என்றாள். அது நியாயம். குழந்தை நேற்று வீடு வந்துவிட்டது, கஞ்சி குடிக்கிறது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இன்றைக்கு ஆராதனையில் அம்முலு என் பக்கம் திரும்பவில்லை.

ஸ்பானரை என்னிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை. ஆனால் புதிதாகக் கொடுத்த பத்து கார்டையும் அம்முலு வீட்டு டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் வீணாகாது என்று தீர்மானம். பழுது வந்தால் அவள் ஒரு கார்டை எடுத்து வருவாள், நான் அவள் எதிரிலேயே எழுத வேண்டும், தபால் பெட்டியில் அவள் கையாலேயே போடுவாள். எனக்கும் அதுதான் நல்லது, என்னை நான் நம்புகிற நிலைமையில் இல்லை. அங்கே நீ குழாயில் வருகிறது என்று அப்படியே குடித்துவிடாதே, காய்ச்சிக் குடி. ராத்திரி ஷிப்ட் முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. அக்கம் பக்கத்தாரிடம் ஒன்றைச் செய்துவிட்டேன் என்று செய்யாமல் சொல்லாதே, இதை உன் நைனா படித்துச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று சொன்னாள். ஆபீசுக்கு ஒரு கார்டு போட்டதுக்கே நாலாம் நாள் ஆள் வந்திச்சி, இவனுக்கு நாலு போட்டும் வரல, நீ பழுதுங்கற எடத்துல ஒண்ணும் எழுதாம வுட்டிருப்ப என்றாள். யோசித்துப் பார்த்தேன், ஒரு விதத்தில் உண்மைதான். நாலு கார்டிலும் அந்தக் கோட்டின் மேலேயே, நாங்கள் நலம் என்றுதான் எழுதியிருக்கிறேன். நலம் என்பதை யாரும் படிப்பதில்லை என்று முனிரத்தினம் சொல்லியும் எனக்கு உறைக்கவில்லை. அதனால் இப்போது சரியாக எழுதுகிறேன். பழுது: உன்னைப் பார்த்து ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. உன் அம்மா சாயங்காலம் கடைசி பஸ் போகிறவரைக்கும் பம்பு மேடையில் குடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், குடம் நிரம்பின பிறகும். இது என் ஸ்பானரால் ஆகிற பழுது இல்லை.

கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக. உள்ளே நம் விலாசம் எழுதி ஒரு கார்டு வைத்திருக்கிறேன், பயப்படாதே, தபாலாபீசில் வாங்கியது. வருகிற தேதியை மட்டும் எழுதிப் போட்டால் போதும்.

இப்படிக்கு,
உன் நைனா
தானியேல்
கைப்பம்புப் பராமரிப்பாளர்
(கார்டுகள் அம்முலு வசம்)